யோசினை கூடிப்போன ஆம்பிளையை டொக்டரிடம் கொண்டுசேர்ப்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அவசரத்தில் இதைத் திறந்தவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். வீட்டில் ஒருவர் "இனி இருந்து பிரயோசனம் இல்ல" என்று சொல்லிவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டிருந்தாலோ, நஞ்சு ஏதும் குடித்திருப்பார் என்று சந்தேகம் இருந்தாலோ, வாசிப்பதை நிறுத்திவிட்டு 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. அது வரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள். ஏதும் குடித்திருந்தால் உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். போத்தலையோ குளிசை மட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள். "இப்ப நல்லாத்தானே இருக்கார்" என்று வீட்டில் வைத்துப் பார்க்கவும் கூடாது, சில நஞ்சுகள் மணித்தியாலங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து தாமதிக்கிற வீடுகள் இன்னும் உண்டு. உயிரை மாய்க்க முயல்வது இலங்கையில் 1998ஆம் ஆண்டிலிருந்து குற்றமல்ல. ஆஸ்பத்திரியில் பொலிஸார் வந்து விபரம் எழுதலாம், அவ்வளவுதான்.

உடனடி ஆபத்து இல்லை, ஆனால் யாருடனாவது கதைத்தால் நல்லது என்றால் 1926. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, இரவிலும் எடுக்கலாம். "தமிழ்ல கதைக்கணும்" என்று எடுத்தவுடனேயே சொல்லிவிடுங்கள். 1333 என்ற ஆலோசனை இலக்கமும் இலவசம்தான்.

மற்றவர்கள் ஆறுதலாக வாசிக்கலாம்.

ஆம்பிளையில் இது எப்படித் தெரியும்

"எனக்கு மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆண் வருவது அரிது. அவர் சொல்வது வேறு: நெஞ்சு படபடக்குது, தலை விறைக்குது, உடம்பு எரியுது, சமிபாடு இல்லை, இடுப்பு விட்டுப்போச்சு. ஈசிஜி எடுத்திருப்பார், சுகர் பார்த்திருப்பார், எல்லாம் சரி என்று சொல்லியிருப்பார்கள். அவர் நடிக்கவில்லை. மனச்சோர்வும் பதற்றமும் உடம்பில்தான் முதலில் ஏறும். வலி உண்மையான வலிதான்.

இரண்டாவது அடையாளம் கோபம். சோற்றில் உப்புக் குறைந்ததற்குக் கோப்பை பறக்கும். பிள்ளைகள் படலை திறக்கிற சத்தம் கேட்டு ஒளிந்துகொள்வார்கள். வீட்டார் இதை "குணம் மாறிட்டு" என்பார்கள், சிலர் செய்வினை என்பார்கள். மூன்றாவது குடி: முன்பு சனிக்கிழமை மட்டும் எடுத்தவர் இப்போது நித்திரைக்காக நாளும் எடுக்கிறார். நாலாவது விலகல். கோயில் சடங்குக்கு எட்டு நாளும் நின்றவர் கடைசி நாளுக்கும் வரமாட்டார். ஜும்ஆவுக்கு மட்டும் போய்விட்டு யாருடனும் கதைக்காமல் திரும்பிவிடுவார். வட்டைக்கு (வயலுக்கு) போகிறேன் என்று போய் வாடியில், அதாவது காவல் குடிசையில், சும்மா படுத்திருப்பார்.

நித்திரையை மட்டும் தனியாகக் கவனியுங்கள். படுத்தவுடன் நித்திரை வராதது பதற்றத்தில்தான் அதிகம். விடிய 2, 3 மணிக்கு விழிப்பு வந்து, பிறகு விடியும்வரை யோசினை ஓடுவது மனச்சோர்வின் அடையாளம். காலையில் மிக மோசமாகவும் பின்னேரத்தில் ஒள்ளுப்பம் பரவாயில்லாமலும் இருந்தால் அதுவும் அப்படியே.

எங்கள் பக்கத்துக்கென்று சில நெருக்கும் காலங்கள் இருக்கின்றன. வாடைக்காற்று அடிக்கிற கார்த்திகை, மார்கழி, தையில் கடல் வேலை படுத்துவிடும். பெரும்போக வெட்டு முடிந்து நெல் விலை விழுந்திருக்கும்போது உரக்கடைக் கடனும் வங்கிக் கடனும் ஒன்றாகக் கேட்கும். மனைவி மத்திய கிழக்குக்குப் போய் முதல் வருடம், அல்லது அங்கிருந்து தானே வேலை இழந்து திரும்பிய முதல் மாதங்கள் இன்னொன்று. மார்கழி 26 கிட்ட வரும்போது 2004 சுனாமியை நினைத்து நித்திரை கெடுகிற ஆண்கள் கரையோரமெங்கும் இருக்கிறார்கள். பிள்ளை காணாமல் ஆக்கப்பட்ட தகப்பன்மார் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். தாய்மார் போராட்டத்தில் நிற்கும்போது இவர்கள் வீட்டில் தனியே இருப்பார்கள்.

இரண்டு கிழமைக் கணக்கு

கவலை எல்லாருக்கும் வரும். மருத்துவர்கள் பார்ப்பது காலத்தையும் வேலை கெட்டதையும். கடந்த 2 கிழமையைப் பற்றி இரண்டு கேள்விகள் போதும்:

எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா?
மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா?

ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை 0, சில நாட்கள் 1, பாதிக்கு மேற்பட்ட நாட்கள் 2, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் டொக்டரிடம் காட்ட வேண்டும். கிளினிக்கில் இதே வகையில் ஒன்பது கேள்விகள் கேட்பார்கள். மொத்தம் 27, அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். ஒன்பதாவது கேள்வி சாவு பற்றியது. அதற்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும் மற்றக் கூட்டுத்தொகை எவ்வளவு குறைந்திருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

கடனோ வழக்கோ இருப்பதால் "காரணம் இருக்குத்தானே, இது நோயில்லை" என்று விட்டுவிடுவது பெரிய பிழை. கால் முறிந்ததற்குக் காரணம் தெரிந்தாலும் கட்டுப் போடத்தான் வேண்டும்.

யார் கதைப்பது, எங்கே, எப்படி

இந்த இடத்தில்தான் பெரும்பாலான முயற்சிகள் கெட்டுப்போகின்றன. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில், தமிழரிலும் முஸ்லிம்களிலும், வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போகிறவர். சுற்றி இருப்பது மாமியும் மச்சான்மாரும். அங்கே வைத்து மனைவியின் அண்ணனோ மாமாவோ "என்ன, உங்களுக்கு மனநிலை சரியில்லையோ?" என்று கேட்டால் அது விசாரணையாகத்தான் காதில் விழும். சுகமில்லாதவரின் சொந்தச் சகோதரியின் புருசன், சின்ன வயதுக் கூட்டாளி, ஒரே வள்ளத்தில் போகிறவர், இவர்களில் ஒருவர் கேட்பது நல்லது. மனைவி செய்ய வேண்டியது அந்த ஆளைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொல்வது. மனைவி தானே கதைப்பதென்றாலும் சண்டை நடந்த இரவில் வேண்டாம். அடுத்த நாள் தேத்தண்ணி நேரம்.

இடமும் முக்கியம். முகத்தைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருத்திக் கேட்டால் ஆண்கள் பூட்டிக்கொள்வார்கள். வலை பொத்தும்போது, வரம்பில் நடக்கும்போது, மோட்டார் சைக்கிளில் போய்க் கல்லடிப் பாலத்தடியில் நிற்கும்போது, இரண்டு பேரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் வாய் திறக்கும். குடித்திருக்கும்போது வேண்டாம். அழுவார், எல்லாம் சொல்வார், விடிந்ததும் வெட்கத்தில் உங்களைக் கண்டால் ஒதுங்குவார்.

கண்ணால் கண்டதைச் சொல்லித் தொடங்குங்கள்:

"மச்சான், ரெண்டு மாசமா நீ கரைக்கு வாறது குறைவு. உடம்பும் மெலிஞ்சிட்டு. ராவைக்கு நித்திரை வருதா?"

"காக்கா, கடைக்கு வந்தா முந்தி சிரிச்சுக் கதைப்பீங்க. இப்ப காசை வெச்சிட்டுப் போறீங்க. என்ன நடக்குது?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். அவர் "ஒண்டுமில்ல" என்பார். அது முதல் பதில், முடிவான பதில் இல்லை. "சரி, நான் வெள்ளிக்கிழமை திரும்ப வருவன்" என்று சொல்லி, சொன்னபடி வாருங்கள். இரண்டாம், மூன்றாம் தடவையில்தான் பெரும்பாலும் வாய் திறக்கும்.

"ஆம்பிளை மாதிரி இரு", "உன்னை விடக் கஷ்டப்பட்டவன் எத்தனை பேர்", "பிள்ளைகளை நினைச்சுப் பார்" — மூன்றையும் விட்டுவிடுங்கள். மூன்றாவது மிக மோசம். தான் பிள்ளைகளுக்குப் பாரம் என்றுதான் அவர் ஏற்கனவே நினைத்துக்கொண்டிருக்கிறார். "ஆண்களும் அழலாம்" என்ற விழிப்புணர்வுச் சுவரொட்டிகளைப் பற்றியும் ஒன்று சொல்லலாம்: அழலாம்தான், ஆனால் அழ அனுமதி கிடைக்காததால் எந்த ஆணும் கிளினிக்குப் போகாமல் இருக்கவில்லை. ஒரு நாள் கூலி போகும், ஊர் ஆட்கள் காண்பார்கள், போய் என்ன சொல்வதென்று தெரியாது. இந்த மூன்றையும் தீர்த்தால் கால் நகரும்.

சாக நினைக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். "இருந்து பயனில்ல எண்டு நினைக்கிறயா? செத்துப்போகணும் எண்டு நினைவு வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்டதற்கே பலர் ஆறுதலாக மூச்சு விடுவார்கள். ஓம் என்றால் அடுத்த கேள்வி, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்பது. வழியும் நாளும் யோசித்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. "ஒருத்தருக்கும் சொல்லாத" என்று சத்தியம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அன்றைய வேலை இன்னொன்றும் உண்டு. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் 100,000 பேருக்கு ஏறக்குறைய 47 ஆக, உலகிலேயே மிக உயர்ந்த இடங்களில் இருந்தது. அடுத்த பத்து ஆண்டில் அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததற்கு, கடும் நச்சுப் பூச்சிநாசினிகளைச் சந்தையிலிருந்து எடுத்தது பெரிய காரணம். மனிதர்களின் கஷ்டம் பாதியாகவில்லை, கைக்கெட்டும் நஞ்சு குறைந்தது. நினைப்பதற்கும் செய்வதற்கும் இடையில் பல சமயம் அரை மணித்தியாலம்கூட இருப்பதில்லை. எனவே எண்ணெய்ப் போத்தல்களை (வயலுக்கு அடிக்கும் மருந்தைத்தான் சொல்கிறோம்) வீட்டிலிருந்தும் வாடியிலிருந்தும் எடுத்து வேறொரு வீட்டில் பூட்டி வையுங்கள். பூட்டின பெட்டி அதே அறையில், திறப்பு அதே ஆணியில் என்றால் பூட்டியதாகாது. குளிசைகளும் மனைவி கையிலோ தாய் கையிலோ இருக்கட்டும். அம்மப்பாவின் பிறஷர் குளிசை, சுகர் குளிசை எல்லாமும் சேர்த்துத்தான்.

எங்கே போவது

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற ஆதார வைத்தியசாலைகளில் குறித்த நாட்களில் மனநலக் கிளினிக் நடக்கும். நாள் மாறக்கூடும் என்பதால் முதல் நாளே போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். படுவான்கரையிலிருந்து பஸ் பிடித்து வந்து "கிளினிக் நேற்று" என்று கேட்டால் அந்த ஆள் பிறகு வரமாட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்ப்பதும் மருந்தும் இலவசம்.

நேரே மனநலக் கிளினிக் என்றால் பயப்படுகிறவருக்கு மூன்று பக்க வாசல்கள்:

வெளிநோயாளர் பிரிவு. "நித்திரை இல்லை, நெஞ்சு படபடப்பு" என்று போகலாம், அது பொய்யும் இல்லை. அங்கிருந்து கடிதம் தருவார்கள்.

பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தர். மருந்து தரமாட்டார், கதைத்துக் கேட்பார், குடும்பப் பிரச்சினை, இழப்பு, கடன் நெருக்கடிக்கு நல்லவர். பிரதேச செயலகத்துக்கு ஆயிரம் அலுவலுக்கு ஆட்கள் போவதால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். இதைப் பலரும் பயன்படுத்துவதில்லை என்பது வீண்.

தனியார் சனலிங். பின்னேரம், வேலை கெடாமல், ஆட்கள் காணாமல். காசு போகும். முதல் தடவைக்கு நல்லது, ஆனால் மாதக்கணக்காகக் கட்டுப்படியாகாமல் நிறுத்துகிறவர்கள் அதிகம். இரண்டாம் தடவையிலேயே "அரசாங்கக் கிளினிக்குக்குக் கடிதம் தாங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர் ஆட்கள் காண்பார்கள் என்றால் பக்கத்து ஊர்க் கிளினிக்குக்குப் போகத் தடையில்லை. மாதாமாதம் போகக்கூடிய தூரமாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்கத்துக்குப் பயந்து இரண்டு பஸ் மாறிப் போகிறவர் மூன்றாம் மாதம் நின்றுவிடுவார்.

"அங்கொடைக்கு (கொழும்புக்குக் கிட்ட இருக்கும் மனநல ஆஸ்பத்திரிக்கு) அனுப்பிருவாங்க" என்ற பயம் பழையது. அந்தக் காலத்தில் வேறு இடம் மிகக் குறைவு. இன்றைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் மருந்துத் துண்டோடு அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். வாட்டில் வைத்தாலும் அது பெரும்பாலும் சில நாள், ஒன்றிரண்டு கிழமைக் காரியம். கிராம சேவையாளருக்கோ முதலாளிக்கோ டொக்டர் சொல்லமாட்டார். நோயாளியின் விபரத்தைக் காப்பது அவருடைய கடமை. உயிராபத்து இருக்கும்போது மட்டும் வீட்டாருக்குச் சொல்வார்.

போகிற நாள்

கூட ஒருவர் போங்கள். ஒருவர் மட்டும், மூன்று மச்சான்மார் சேர்ந்து கூட்டிப் போனால் கைதுசெய்து கொண்டுபோவது போலிருக்கும். காலையில் வெள்ளெனப் போய் நம்பர் எடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி, ஏற்கனவே போடுகிற எல்லாக் குளிசையும் மட்டையோடு. நாட்டு மருந்து, லேகியம் எடுத்தால் அதையும்.

மேசைக்கு முன்னால் இருந்தவுடன் ஆண்களுக்குச் சொல் வராது. பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும். அதனால் முதல் நாள் இரவே ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய் டொக்டரின் கையில் கொடுங்கள். இப்படி:

"ரெண்டு மாசமா விடிய 2 மணிக்கு முழிப்பு, பிறகு நித்திரை இல்ல. சாப்பாடு குறைஞ்சி காற்சட்டை தளர்ந்திட்டு. கடலுக்குக் கிழமைக்கு ரெண்டு நாள்தான் போறன். ராவைக்குக் கால் போத்தல் சாராயம். சாகணும் எண்டு நினைவு வருது, ஒண்டும் செய்யல்ல."

ஐந்தே வசனம். எவ்வளவு காலம், நித்திரை, சாப்பாடு, வேலை, குடி, சாவெண்ணம் எல்லாம் அதில் இருக்கிறது. குடியின் அளவைக் குறைத்து எழுத வேண்டாம். டொக்டர் புத்தி சொல்வதற்காகக் கேட்கவில்லை, மருந்தின் அளவு அதில்தான் தங்கியிருக்கிறது. தனியே கதைக்க வேண்டுமென்றால் "கொஞ்சம் தனியாச் சொல்லணும்" என்று சொல்ல உரிமை உண்டு.

இரத்தம் பரிசோதிக்கச் சொல்லலாம். தைரொயிட் குறைவும் இரத்தச்சோகையும் மனச்சோர்வு போலவே காட்டும். கூடப் போனவர் மறக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது: முன்பு எப்போதாவது அவர் நித்திரையே இல்லாமல், களைப்பும் இல்லாமல், காசை வாரி இறைத்து, பெரிய பெரிய திட்டம் கதைத்துத் திரிந்த ஒரு காலம் இருந்ததா? இருந்தால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சாதாரண மனச்சோர்வுக் குளிசையை மட்டும் கொடுத்தால் திரும்பவும் அந்த ஓய்வில்லாத நிலைக்குத் தூக்கிவிடக்கூடும். நோயாளிக்கு அது நோயாகத் தெரிந்திருக்காது, "நல்லா இருந்த காலம்" என்றுதான் நினைவிருக்கும்.

முதல் ஆறு கிழமை

மருந்து தொடங்கியவர்கள் விடுவது இந்தக் காலத்தில்தான். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் விடமாட்டார்கள்.

பொதுவாகத் தருவது புளுஒக்சற்றின் அல்லது சேட்ரலின். முதல் கிழமை வயிற்றைப் பிரட்டும், தலையிடிக்கும், சிலருக்குப் பதற்றம் கூடும், நித்திரை இன்னும் கெடும். மனத்தில் எந்த மாற்றமும் தெரியாது. ஆக, தீமை முதலில் வரும், நன்மை பிறகு வரும். "குளிசை ஒத்துக்கொள்ளல்ல" என்று ஐந்தாம் நாள் எறிவது இதனால்தான். சாப்பிட்ட பிறகு போட்டால் வயிறு பொறுக்கும். புளுஒக்சற்றினைக் காலையில் போடுவது நித்திரைக்கு நல்லது. 2 முதல் 4 கிழமையில் நித்திரையும் பசியும் முதலில் திருந்தும், மனம் அதற்குப் பிறகு. முழுப் பலன் தெரிய 6 முதல் 8 கிழமையும் எடுக்கும். இளைஞர்களுக்கு முதல் கிழமைகளில் சாவெண்ணமோ படபடப்போ கூடினால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் உடனே கொண்டுபோங்கள்.

இந்தக் குளிசைகளுக்கு அடிமையாக மாட்டார்கள். ஆனால் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரும், டொக்டர் சொல்லிக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். டயசிபாம் கதை வேறு. நித்திரைக்கென்று சில நாளுக்குத் தருவார்கள். அதைப் பார்மசியில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போட்டால் பழகிவிடும்.

வெளியில் சொல்லாத ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் குளிசைகள் சிலருக்குத் தாம்பத்தியத்தில் ஆசையைக் குறைக்கும், விந்து வெளியேறுவதைத் தாமதமாக்கும். ஆண்கள் மனைவிக்கும் சொல்லாமல், டொக்டருக்கும் சொல்லாமல் மருந்தை விடுவது பல சமயம் இதற்குத்தான். மனச்சோர்வே ஆசையைக் குறைக்கும் என்பதால் எது எதனால் என்று டொக்டர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். சொல்ல வெட்கமென்றால் அதையும் துண்டில் எழுதிக் கொடுக்கலாம்.

கூலி வேலை, கடல் வேலை செய்கிறவர்கள் இடுப்பு நோவுக்கு டைக்குளோபினாக் போடுவது வழக்கம். மேற்சொன்ன மருந்துகளோடு சேர்ந்தால் இரைப்பையில் இரத்தக் கசிவு வரும் வாய்ப்புக் கூடும். டிரமடோல் என்ற நோவு மருந்தும் இவற்றோடு ஆகாது. பரசிற்றமோல் போடலாம். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் எடுக்கிறவர்கள் இன்னும் கவனம்: வெயிலில் வேர்த்து உடம்பில் தண்ணீர் வற்றினாலோ, வயிற்றோட்டம் வந்தாலோ, டைக்குளோபினாக் போட்டாலோ இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகும். கை நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி என்றால் குளிசையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரி.

நோன்பு காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு முறை போடும் குளிசையை நோன்பு திறந்த பிறகோ சஹருக்கோ மாற்றிக்கொள்ளலாம். ரமழானுக்கு முந்திய கிளினிக்கிலேயே கேளுங்கள். லித்தியம் எடுக்கிறவர் கேட்காமல் நோன்பு பிடிக்கக் கூடாது.

மருந்து மட்டும் போதாது என்பதும் உண்மைதான். வேலைக்குத் திரும்புவதைக் குட்டியாகத் தொடங்குங்கள்: முதல் கிழமை கரைக்குப் போய் வலை இழுக்கிறதைப் பார்த்துவிட்டு வருவது, அடுத்த கிழமை அரை நாள். மனம் வந்த பிறகு போகலாம் என்று காத்திருந்தால் வராது, போன பிறகுதான் மனம் வரும்.

குடியும் சேர்ந்திருந்தால்

காலையில் கை நடுங்கி, ஒரு வாய் விட்டதும் நடுக்கம் நின்றால் உடம்பு சாராயத்துக்கோ கசிப்புக்கோ பழகிவிட்டது. அப்படிப்பட்டவரை "இண்டையோட விடு" என்று அறையில் பூட்டுவது ஆபத்து. நிறுத்தி 6 முதல் 24 மணித்தியாலத்தில் நடுக்கம், வேர்வை; 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத ஆட்களைக் காண்பது, நாள் இடம் தெரியாமல் புலம்புவது. இந்தக் கடைசி நிலையைப் பேய் என்று நினைத்து மந்திரிக்கக் கொண்டுபோய் உயிர் போனதுண்டு. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்து, மருந்தைக் குறைத்துக்கொண்டே நிறுத்துவார்கள், விற்றமின் பி1 ஊசி போடுவார்கள். களைப்புக்கென்று எங்காவது குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்ற வேண்டாம். பி1 இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மூளையைத் தாக்கும்.

தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கிற "குடி மறக்கும் தூள்" எதையும் வாங்காதீர்கள். சிலவற்றில் இருக்கும் மருந்து, சாராயத்தோடு சேர்ந்தால் நெஞ்சை நிறுத்தக்கூடியது.

குடி நின்று சில கிழமை போன பிறகு மனச்சோர்வு தானாகவே குறைகிறதா என்று டொக்டர் பார்ப்பார். குறையாவிட்டால் அதற்கும் தனியே மருந்து.

கோயில், பள்ளி, மந்திரம்

நூல் கட்டுவதையோ ஓதிய தண்ணி குடிப்பதையோ நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். நேர்த்தி வைத்தால் வைக்கட்டும். இரண்டும் ஒரே கிழமையில் நடக்கட்டும் என்று மட்டும் பேசி முடியுங்கள். ஊரில் மதிப்புள்ள ஒரு பூசாரியோ மௌலவியோ "டொக்டரிட்டயும் காட்டு மனே" என்று சொன்னால் வீட்டார் பத்துப் பேர் சொன்னதை விட வேலை செய்யும். முன்கூட்டியே அவரைச் சந்தித்துச் சொல்லி வைக்கலாம். அடிப்பது, கட்டிப் போடுவது, பட்டினி போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது, இந்த நாலில் ஒன்று வந்தாலும் அன்றோடு அங்கே போவதை நிறுத்துங்கள்.

சுகமான பிறகு

முதல் தடவை மனச்சோர்வு என்றால், நன்றாக வந்த நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் அதே அளவில் தொடர வேண்டும். "சுகமாயிட்டுத்தானே" என்று இரண்டாம் மாதம் விட்டவர்களுக்கே அதிகம் திரும்ப வருகிறது. இரண்டாம் தடவை வந்தவர்களுக்கு இரண்டு வருடம் வரை சொல்லக்கூடும். நிலை சீரானதும் தவணை இரண்டு கிழமையிலிருந்து ஒரு மாதமாக, பிறகு இரண்டு மாதமாக நீளும். வெட்டுக்காலமோ கடல் சீசனோ இடையில் வந்தால் "இந்த மாசம் வர ஏலாது, ரெண்டு மாசத்துக்கு மருந்து தாங்க" என்று கேட்கலாம். நிலை நன்றாக இருந்தால் தருவார்கள்.

வாட்டிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் கிழமைகளில்தான் உயிராபத்து அதிகம். அந்தக் காலத்தில் எண்ணெய்ப் போத்தல் வீட்டுக்குத் திரும்பக் கூடாது, இரவில் தனியே வாடியில் படுக்கவும் விட வேண்டாம்.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவருக்கு முதலில் கெட்டுப்போகிறது எது என்று எழுதி வையுங்கள். ஒருவருக்கு நித்திரை, இன்னொருவருக்குக் கோபம், வேறொருவருக்குச் சவரம் செய்யாமல் விடுவது. அது மூன்று நாள் தொடர்ந்து கெட்டால் தவணைத் திகதிக்குக் காத்திருக்காமல், கொப்பியை எடுத்துக்கொண்டு அந்தக் கிழமையிலேயே போங்கள்.